ஆசிலோஸ்கோப் உள்ளடங்கிய கைமல்டிமீட்டர்: வெளி வேலைக்குச் செல்பவருக்கு உண்மையில் பயன்படுமா?

கோவை_வைண்டிங்

அனைவருக்கும் வணக்கம். வீட்டு இன்வெர்ட்டர், யூபிஎஸ், மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது என் தொழில். பெரும்பாலும் வாடிக்கையாளரின் வீட்டிலோ தோட்டத்து மோட்டார் அறையிலோ நின்றபடியே கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் உள்ளன. இப்போது மல்டிமீட்டரும், மின்னழுத்தத்தின் அலை வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பும் (சுருக்கமாக ஸ்கோப்) ஒரே கைக்கருவியில் சேர்ந்து வருகின்றன. சோதனைக்கு அலைகளை உருவாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டரும் சிலவற்றில் உண்டு. அப்படி ஒன்றை வாங்குவதா, அல்லது மேசை ஸ்கோப் ஒன்றுக்குப் பணம் சேர்ப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

இந்தக் கேள்வி எழக் காரணமான வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் பழைய சதுர அலை வகை இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்சாரம் போனதும் மின்விசிறி உறுமுகிறது. இன்வெர்ட்டரின் டிரான்ஸ்ஃபார்மரும் முன்பைவிட அதிகமாக இரைகிறது என்கிறார்கள். பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. வெளியீட்டில் என் மீட்டர் 180 வோல்ட் காட்டுகிறது. அதை நம்பி உள்ளே வெளியீட்டைச் சரிசெய்யும் சிறு திருகான பிரிசெட்டைத் திருப்பி 230-க்குக் கொண்டுவரலாமா, அல்லது அலையின் வடிவத்தைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரிப்பிள்100

தயவுசெய்து பிரிசெட்டைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் 180 என்ற எண்ணே எனக்கு வேறொன்றைச் சொல்கிறது.

விலை குறைந்த மீட்டர்கள் மாறுமின்னழுத்தத்தை நேராக்கி, அதன் சராசரியை எடுத்து, 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. சைன் அலைக்கு மட்டுமே அந்தப் பெருக்கல் சரியான விடையைத் தரும். உங்கள் இன்வெர்ட்டர் தருவது இடையில் சுழியத்தில் நின்று செல்லும் சதுர அலை. அதன் உச்சம் 325 வோல்ட் என்றும், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பாதி நேரம் மட்டுமே மின்னழுத்தம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாதனங்களுக்குக் கிடைக்கும் ஆற்றலைக் குறிக்கும் உண்மையான ஆர்எம்எஸ் மதிப்பு 325-ஐ 0.5-இன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைப்பது, அதாவது 230 வோல்ட். சராசரியோ 162.5 வோல்ட்; அதை 1.11-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 180 வோல்ட். ஆக, வெளியீடு சரியாகவே 230-இல் இருந்தாலும் உங்கள் மீட்டர் 180 என்றுதான் காட்டும். நீங்கள் பிரிசெட்டைத் திருப்பி மீட்டரில் 230 வரவைத்தால், வீட்டிலுள்ள சாதனங்களுக்கு அதைவிட மிகவும் கூடுதலான மின்னழுத்தம் சென்றுகொண்டிருக்கும். இடைவெளியே இல்லாத முழுச் சதுர அலையாக இருந்தால் பிழை எதிர்ப்பக்கம் போகும். 230 வோல்ட் அலையை அதே மீட்டர் 255 என்று காட்டும்.

எந்த அலை வடிவத்துக்கும் ஆர்எம்எஸ் மதிப்பைச் சரியாகக் கணக்கிடும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வாங்கினால் எண் சரியாகிவிடும். ஆனால் விசிறி ஏன் உறுமுகிறது என்பதற்கு எந்த எண்ணும் பதில் தராது. உச்சம் எவ்வளவு, துடிப்பின் அகலம் எவ்வளவு, நேர் அரையும் எதிர் அரையும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். உங்கள் வேலைக்கு இந்தக் கருவி பயன்படும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆய்வக_மேசை

முந்தைய பதிலில் உள்ள கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவை அப்படியே ஏற்க மாட்டேன். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மாணவர்களோடு நாள்தோறும் ஸ்கோப்பைப் பயன்படுத்துபவன் என்ற முறையில் என் தயக்கங்களை எழுதுகிறேன்.

முதல் தயக்கம் நினைவகத்தைப் பற்றியது. வாங்குபவர்கள் பெட்டியின் மேல் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸைத்தான் (பேண்ட்விட்த், அதாவது கருவி காட்டக்கூடிய அதிர்வெண் எல்லை) பார்க்கிறார்கள்; எத்தனை புள்ளிகளைச் சேமிக்கும் என்று கேட்பதில்லை. ஓவன் நிறுவனத்தின் எச்டிஎஸ்242 போன்ற கைக்கருவி 40 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 25 கோடி சாம்பிள் (அளவெடுப்பு) என்று சொல்கிறது. சேமிப்பதோ 8,000 புள்ளிகள். ஒரு பவர் சப்ளை உயிர்பெறும் முதல் நொடியை முழுவதுமாகப் பிடிக்க விரும்பினால், அந்த ஒரு நொடியை 8,000 புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும்; ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 125 மைக்ரோநொடி. அதற்குள் 10 மைக்ரோநொடி நீளமுள்ள ஒரு சரிவு வந்து போயிருந்தால் திரையில் அதன் சுவடே இருக்காது. ரைகால் டிஎஸ்1054இசட் போன்ற நுழைவுநிலை மேசை ஸ்கோப்பில் ஒரு சேனலை (உள்ளீட்டை) மட்டும் பயன்படுத்தும்போது 1.2 கோடி புள்ளிகள் கிடைக்கும். அதே ஒரு நொடிப் பதிவில் அந்தச் சரிவு தெளிவாகத் தெரியும், பெரிதாக்கியும் பார்க்கலாம்.

இரண்டாவது, மின்னழுத்தத்தின் நுணுக்கம். இக்கருவிகளின் ஸ்கோப் பகுதி பெரும்பாலும் 8 பிட். திரையின் முழு உயரமும் 256 படிகள்தான். அதே பெட்டியின் மல்டிமீட்டர் பகுதி 20,000 எண்ணிக்கை வரை காட்டும். 12.00 வோல்ட்டா 12.15 வோல்ட்டா என்ற கேள்விக்கு ஸ்கோப் திரையில் தெரியும் எண்ணைப் பதிலாகக் கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் இரண்டும் ஒரே துல்லியம் உடையவை என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஒன்று பழுதானால் இரண்டும் போகும். என்னைக் கேட்டால், நல்ல ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் ஒன்றும் மேசை ஸ்கோப் ஒன்றும் தனித்தனியாக வாங்குவதே நெடுங்காலத்துக்கு நல்லது.

பிக்கப்_காயில்

ஐயா, நீங்கள் சொல்வது மேசையில் வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும். இருசக்கர வண்டிப் பட்டறையில் மேசை ஸ்கோப்பை எங்கே வைப்பது?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளாகிவிட்டன. கார்புரேட்டர் காலத்தில் மல்டிமீட்டரும் டெஸ்ட் விளக்கும் போதும். இப்போது அவை போதாது என்பதை இரண்டு இடங்களில் சொல்கிறேன்.

ஆக்ஸிஜன் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக இயங்கும் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மீட்டரில் அது 0.45 அருகே தடுமாறும் ஓர் எண்ணாகத் தெரியும். இயக்கம் மந்தமாகி 0.4-க்கும் 0.5-க்கும் இடையே மட்டும் அசையும் சென்சாரும் அதே 0.45-ஐத்தான் காட்டும். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. மீட்டருக்கு இரண்டும் ஒன்றே. ஸ்கோப்பில் பார்த்தால் ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். இந்த அலை மிக மெதுவானது. இதற்கு 40 மெகாஹெர்ட்ஸ் வேண்டியதில்லை, பெரிய நினைவகமும் வேண்டியதில்லை.

அடுத்தது எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர். வண்டியின் கணினி அதன் ஒரு முனையைக் கிரவுண்டுக்கு இழுக்கும்போது 12 வோல்ட் சுழியத்துக்கு இறங்கும். ஐடிலில் சில மில்லிநொடி அப்படியே நிற்கும். விட்டவுடன் காயிலின் எதிர்த்துடிப்பு 60 வோல்ட் அளவுக்கு மேலெழும். அது கீழிறங்கும் சரிவில் ஒரு சிறு மேடு தெரியும். இன்ஜெக்டரின் ஊசி உண்மையில் நகர்ந்து இருக்கையில் அமர்ந்ததற்கு அடையாளம் அது. காயில் மின்தடை சரியாக இருந்தும் ஊசி சிக்கிக்கொண்ட இன்ஜெக்டரில் அந்த மேடு இருக்காது. ஓம் மீட்டரால் இதை எந்த வகையிலும் சொல்ல முடியாது. இன்ஜெக்டரைக் கழற்றாமல், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய கருவி இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். பேட்டரியில் இயங்குவதால் நீட்டிப்புக் கம்பி தேட வேண்டியதில்லை; எர்த் பற்றிய கவலையும் இல்லை.

மீட்டர் பகுதியும் வீணாகக் கிடப்பதில்லை. கணினிகள் தங்களுக்குள் பேசும் இருகம்பி இணைப்பான கேன் பஸ் உள்ள வண்டிகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே 60 ஓம் வருகிறதா என்று முதலில் மீட்டரால் பார்ப்பேன். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாக இருப்பதால் அந்த எண் வர வேண்டும். அது சரியாக இருந்தால்தான் அலையைப் பார்ப்பதில் பொருளுண்டு. ஒரு கம்பி 2.5-இலிருந்து 3.5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும், மற்றது 2.5-இலிருந்து 1.5 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றனவா என்று பார்க்க இரண்டு சேனல் தேவை. ஒற்றைச் சேனல் கருவியை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேட்_மூன்று

ஆலைப் பராமரிப்பில் இருக்கிறேன். இழை சரியான திசையில்தான் போகிறது. ஆனால் எர்த் பற்றிய கவலை இல்லை என்று முந்தைய பதிவில் வந்த சொற்றொடரை அப்படியே விட்டுவிட முடியாது. 12 வோல்ட் வண்டியில் அது உண்மை. கேள்வி கேட்டவரோ 230 வோல்ட்டிலும் மூன்று ஃபேஸிலும் வேலை செய்பவர்.

மேசை ஸ்கோப்பின் ப்ரோப்பில் (அளவெடுக்கும் கம்பியில்) உள்ள கிரவுண்ட் கிளிப் சுவர் சாக்கெட்டின் எர்த்தோடு நேரடியாக இணைந்திருக்கும். மெயின்ஸோடு தொடர்புடைய இடத்தில் அந்தக் கிளிப்பை மாட்டினால் பெருந்தீப்பொறியும் சேதமும் நிச்சயம். பேட்டரியில் இயங்கும் கைக்கருவியில் அந்தப் பாதை இல்லை என்பதால் ஒன்றும் வெடிக்காது. ஆனால் கிளிப்பை எந்த மின்னழுத்தத்தில் மாட்டினீர்களோ அந்த மின்னழுத்தத்துக்குக் கருவியின் உள் கிரவுண்ட் முழுவதும் உயர்ந்துவிடும். ப்ரோப்பைச் செருகும் பிஎன்சி முனையின் உலோக உறை, யூஎஸ்பி துளையின் உலோகம், இரண்டாவது சேனலின் கிளிப் ஆகிய எல்லாவற்றிலும் அப்போது மெயின்ஸ் இருக்கும். அதைக் கையில் பிடித்திருப்பவர் நீங்கள். அந்த நிலையில் சார்ஜ் போடவோ லேப்டாப்போடு இணைக்கவோ கூடாது. இணைத்த கணமே எர்த் பாதை உருவாகிவிடும்.

விலை உயர்ந்த கருவிகளின் விலை எதற்காக என்பதும் இங்கேதான் விளங்கும். ஃப்ளூக் நிறுவனம் 1991-இல் ஸ்கோப்மீட்டரை அறிமுகப்படுத்தியது முதல் இந்த வகைக்கு ஆலைகளில் ஓர் இடம் இருந்து வருகிறது. அதன் 190 வரிசை இரண்டாம் தலைமுறைக் கருவிகளில் ஒவ்வொரு சேனலும் மற்றதிலிருந்து தனித்துப் பிரிக்கப்பட்டிருக்கும்; கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புப் பிரிவில் 1000 வோல்ட், கேட் 4-இல் 600 வோல்ட் என்ற தகுதி உண்டு. ஒரு சேனலை ஒரு ஃபேஸிலும் மற்றதைக் கட்டுப்பாட்டுச் சுற்றிலும் மாட்டலாம். விலை குறைந்த இரு சேனல் கருவிகளில் இரண்டு கிளிப்களும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கும். அவற்றை இரு வேறு மின்னழுத்தங்களில் மாட்டினால் ப்ரோப் கம்பி வழியாகவே ஷார்ட் ஆகும்.

கேட் எண்களைப் பற்றியும் ஒரு சொல். சாக்கெட்டில் செருகும் சாதனங்களுக்குக் கேட் 2, கட்டடத்தின் விநியோகப் பலகைக்குக் கேட் 3, மீட்டர் பெட்டிக்கும் வெளிக்கம்பிக்கும் கேட் 4. பல கலப்புக் கருவிகளில் முகப்பில் அச்சிட்ட கேட் தகுதி மல்டிமீட்டர் துளைகளுக்கு மட்டுமே உரியது; பிஎன்சி முனைக்கு அது பொருந்துகிறதா என்பதைக் கையேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். கூட வரும் ப்ரோப்புக்குத் தனி எல்லை உண்டு. பலவற்றில் அது 300 அல்லது 600 வோல்ட்தான்.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவியின் வெளியீட்டை இந்தச் சிறு கருவிகளால் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 415 வோல்ட் மூன்று ஃபேஸை நேராக்கினால் உள்ளே இருக்கும் டிசி ஏறத்தாழ 587 வோல்ட். மோட்டாருக்குச் செல்லும் கேபிள் நீளமானால் எதிரொலிப்பால் மோட்டார் முனையில் அதன் இருமடங்கு வரையிலும் உச்சம் எழலாம். அதேபோல உயர்ந்த உச்சம் எழும் என்பதால், ஒரே சுவிட்சிங் டிரான்சிஸ்டரில் இயங்கும் சிங்கிள் ஐஜிபிடி வகை இண்டக்‌ஷன் அடுப்பின் காயில் பகுதியிலும் சாதாரண ப்ரோப்பை வைக்கக் கூடாது. அடுப்பின் கட்டுப்பாட்டுப் பலகை முழுவதுமே மெயின்ஸோடு பிரிவின்றி இணைந்திருப்பது வழக்கம். அங்கே, எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அளக்கும் டிஃபரென்ஷியல் ப்ரோப் வேண்டும். அது இல்லையென்றால் அந்த அளவீட்டை விட்டுவிடுவதே முறை. விஎஃப்டி வெளியீட்டில் ஓர் எண் மட்டும் போதும் என்றால், உயர் அதிர்வெண்ணை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர் உள்ள ஃப்ளூக் 87 வி போன்ற மீட்டர் பாதுகாப்பான வழி.

கோவை_வைண்டிங்

எல்லோருக்கும் நன்றி. 180 வோல்ட் கணக்கு பெரிய தெளிவைத் தந்தது. விஎஃப்டி வேலைக்கு இதைக் கொண்டுபோக மாட்டேன். என் வேலையில் பெரும்பங்கு இன்வெர்ட்டர்தான். கடையில் கேட்டால் 10, 40, 70, 100 என்று மெகாஹெர்ட்ஸ் ஏற ஏற விலையும் ஏறுகிறது. இன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸ், உள்ளே இருக்கும் சார்ஜர் பகுதி 50 முதல் 100 கிலோஹெர்ட்ஸ். எனக்கு எவ்வளவு தேவை?

சிறுசுற்று

சுவிட்சிங் சுற்றுகளில் அலையின் அதிர்வெண்ணைவிட, அலை எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பதே உங்கள் தேவையைத் தீர்மானிக்கிறது. 0.35-ஐப் பேண்ட்விட்த்தால் வகுத்தால் அந்தக் கருவியால் காட்ட முடிந்த மிக விரைவான ஏற்றம் கிடைக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு 35 நானோநொடி. 40 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 9 நானோநொடி. 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5. சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட்டில் (கட்டுப்பாட்டு முனையில்) ஏற்றம் பொதுவாகச் சில பத்து முதல் சில நூறு நானோநொடி வரை எடுக்கும். ஆகவே 40 மெகாஹெர்ட்ஸ் உங்களுக்குத் தாராளம். 10 மெகாஹெர்ட்ஸிலும் வடிவம் தெரியும், ஓரங்கள் மட்டும் சற்று வழுக்கலாகும். இன்னொன்று: சொல்லப்படும் மெகாஹெர்ட்ஸில் அலையின் உயரம் ஏற்கெனவே 70.7 விழுக்காடாகக் குறைந்திருக்கும். அந்த எண்ணுக்கு மிக அருகில் வேலை செய்பவர்கள் உயரத்தை நம்பக் கூடாது.

மெகாஹெர்ட்ஸோடு சாம்பிள் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். யூனி-டி நிறுவனத்தின் பழைய யூடி81பி 8 மெகாஹெர்ட்ஸும் நொடிக்கு 4 கோடி சாம்பிளும் உடையது. ஸோயி இசட்டி-702எஸ் 10 மெகாஹெர்ட்ஸும் 4.8 கோடி சாம்பிளும் உடையது. இரண்டிலும் விகிதம் ஏறத்தாழ ஐந்து. அதற்குக் கீழே போகும் கருவியில் திரையில் தெரியும் வளைவில் கருவியே ஊகித்து வரைந்த பங்கு கூடிவிடும்.

நான் செய்வது மைக்ரோகன்ட்ரோலர் வேலை. அதில் இந்தக் கருவியின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சிப்கள் ஒன்றோடொன்று பேசும் 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி பஸ்ஸில் ஏற்ற நேரம் 300 நானோநொடிக்குள் இருக்க வேண்டும். கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டரின் மதிப்பு அதிகமாகிவிட்டால் அலை மெதுவாக வளைந்து ஏறுவதைக் கைக்கருவியில் அழகாகப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பஸ்ஸில் என்ன செய்தி போகிறது என்பதற்கு எட்டுச் சேனல் லாஜிக் அனலைசர்தான் ஏற்றது. அது இதைவிட மலிவானதும்கூட. மின்னழுத்தம் வடிவமாக நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, சொன்னது சரியா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குத்தான் இந்தப் பெட்டி.

ரிப்பிள்100

ப்ரோப்பைப் பயன்படுத்தும் முறையைப் பற்றி யாரும் எழுதவில்லை. பாதித் தவறுகள் அங்கேதான் நிகழ்கின்றன.

கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட்டில் ரிப்பிள் (டிசியின் மேல் ஏறிவரும் சிறு அலை) 120 மில்லிவோல்ட்டுக்குள், 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரநிலையின் வரையறை. மீட்டரின் ஏசி வரம்பில் பெரும்பாலும் இது தெரியாது. சாதாரண மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸ் அல்லது ஓரிரு கிலோஹெர்ட்ஸ் வரையிலேயே சரியாக அளக்கும், ரிப்பிளோ நூறு கிலோஹெர்ட்ஸ் அருகே இருக்கும். அதனால்தான் 12.1 வோல்ட் சரியாகக் காட்டும் சப்ளையில் கணினி அடிக்கடி நின்றுபோகும் புதிர் வருகிறது. ஸ்கோப்பை, டிசியை நீக்கி அலையை மட்டும் காட்டும் ஏசி கப்ளிங்கில் வைத்து, ப்ரோப்பைச் சிக்னலைக் குறைக்காத 1எக்ஸ் நிலையில் வைத்துப் பாருங்கள். 10எக்ஸில் வைத்தால் ரிப்பிளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டுப் பிறகு கருவி பத்தால் பெருக்கும். கருவியின் சொந்த இரைச்சலும் பத்து மடங்காகும்.

கிரவுண்ட் கம்பியின் நீளமும் முக்கியம். கூட வரும் நீளமான கிளிப் கம்பி சுவிட்சிங் டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் ஓர் ஆன்டெனாவாக வேலை செய்து, இல்லாத கூர்முனைகளைத் திரையில் காட்டும். ப்ரோப்பின் தொப்பியைக் கழற்றி, நுனிக்கு அருகிலுள்ள உலோக வளையத்தில் சிறிய ஸ்பிரிங் கம்பியைச் சுற்றிக் கெப்பாசிட்டரின் கால்களிலேயே நேரடியாக வையுங்கள். ஏடிஎக்ஸ் அளவீட்டு முறை, அளக்கும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றையும் இணையாக வைத்து, பேண்ட்விட்த்தை 20 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுப்படுத்தச் சொல்கிறது. அதாவது தரநிலையே 20 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. இந்த வேலைக்கு நூறு மெகாஹெர்ட்ஸ் கருவி எதையும் கூட்டித் தருவதில்லை.

மெயின்ஸ் அளவுகளைப் பார்க்கும்போது நேர்மாறு, 10எக்ஸ் கட்டாயம். பல சிறு கருவிகளின் உச்ச அளவு ஒரு கட்டத்துக்கு 10 வோல்ட்தான். 1எக்ஸில் 230 வோல்ட்டைக் கொடுத்தால் திரை தாண்டிப் போவதோடு முகப்புச் சுற்றும் போய்விடும். ப்ரோப்பிலுள்ள சுவிட்சை மாற்றினால் கருவியின் மெனுவிலும் மாற்ற வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பத்து மடங்கு பிழை வரும். 230-க்குப் பதில் 23 வோல்ட் என்று காட்டும் திரையை நம்பித் தொட்டவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆய்வக_மேசை

என் முதல் பதிவின் மூன்று தயக்கங்களில் நினைவகத்தையும் துல்லியத்தையும் பற்றியவை அப்படியே நிற்கின்றன. ஆனால் இன்ஜெக்டரையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் பற்றிப் பட்டறை நண்பர் எழுதியது வலுவான வாதம். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் பெரிய நினைவகத்துக்கு வேலை இல்லை. நினைவகம் தேவைப்படுவது எப்போதோ ஒருமுறை வரும் கோளாறுக்கு. ஆகவே வாங்குபவர் தம் கோளாறுகள் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். கற்கும் மாணவருக்கு இன்றும் மேசை ஸ்கோப்பையே பரிந்துரைப்பேன். அலையைத் திரையில் அசையாமல் நிறுத்தும் டிரிக்கரின் அளவு, சரிவு, நிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குமிழ்கள் இருந்தால்தான் அவை என்ன செய்கின்றன என்பது கையில் ஏறும். சிறு திரையில் மெனுவுக்குள் மெனுவாகத் தேடும் மாணவர் ஆட்டோ பொத்தானை மட்டுமே அழுத்தப் பழகிவிடுகிறார். ஆட்டோ காட்டியதே உண்மை என்ற எண்ணம் பிறகு போவதில்லை.

இந்தச் சேர்க்கை புதியதும் அல்ல என்பதை இடையில் சொல்ல விரும்புகிறேன். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-களிலேயே 213 என்ற கைக்கருவியைத் தந்தது. சிறு படக்குழாய்த் திரையில் 1 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பும், அதே திரையில் எண்களைக் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் அதில் இருந்தன. களத்துக்குச் செல்லும் பொறியாளரின் தேவை அப்போதே அடையாளம் காணப்பட்டிருந்தது.

கோவை_வைண்டிங்

நண்பர் ஒருவரிடமிருந்து 40 மெகாஹெர்ட்ஸ் இரு சேனல் கருவியை இரவல் வாங்கிச் சென்று அந்த இன்வெர்ட்டரைப் பார்த்தேன். மெயின்ஸ் பிளக்கைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு, 600 வோல்ட் தகுதியுள்ள ப்ரோப்பை 10எக்ஸில் வைத்து, கருவியை மரப்பலகை மேல் வைத்துக் கையால் தொடாமல் அளந்தேன்.

வெளியீட்டின் ஆர்எம்எஸ் 227 வோல்ட். நீங்கள் கணித்தபடியே என் பழைய மீட்டர் அப்போதும் 180 அருகே காட்டியது. நேர் அரையின் துடிப்பு மேற்புறம் தட்டையாக இருக்கிறது. எதிர் அரையின் துடிப்பு தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் உயரத்தில் எழுந்து, முடிவதற்கு முன்பே சரிந்து விழுகிறது. துடிப்புகளின் அகலம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஒரு பக்க மாஸ்ஃபெட் வரிசை பழுதா என்ற சந்தேகத்தில் வெளியீட்டை மீட்டரின் டிசி வரம்பிலும் பார்த்தேன், கிட்டத்தட்டச் சுழியம். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ரிப்பிள்100

மிக நல்ல அளவீடு. டிசி சுழியமாக இருப்பதை வைத்து இரு பக்கமும் சமம் என்று முடிவு செய்ய முடியாது. வெளியீடு டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியிலிருந்து (வெளியீட்டுச் சுருளிலிருந்து) வருகிறது. அது டிசியைக் கடத்தாது. பிரைமரியில் (உள்ளீட்டுச் சுருளில்) ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் வலுவிழந்தும் தள்ளினால், இரும்பு உள்ளகத்தின் காந்தப்புலம் வலுவான பக்கத்தை நோக்கிச் சுற்றுக்குச் சுற்று நகர்ந்து, கடைசியில் அந்தப் பக்கத் துடிப்பின் முடிவில் அதற்குமேல் ஏற முடியாத நிறைநிலையை எட்டிவிடும். அப்போது மின்னோட்டம் திடீரென ஏறும், துடிப்பு சரியும். நீங்கள் கண்ட சரிவு அதுதான். டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலுக்கும் விசிறியின் உறுமலுக்கும் இந்தச் சமமின்மையே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. இதில் கவனிக்க வேண்டியது: சரியும் பக்கம் வலுவான பக்கம், பழுதைத் தட்டையாக இருக்கும் மறுபக்கத்தில் தேட வேண்டும்.

அடுத்து 12 வோல்ட் பக்கம் செல்லுங்கள். இரண்டு கிளிப்களையும் பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே இடம் என்பதால் பொதுக் கிரவுண்ட் தொல்லை தராது. ஒரு சேனலை ஒரு வரிசையின் கேட்டிலும் மற்றதை எதிர் வரிசையின் கேட்டிலும் வையுங்கள். இரு கேட் துடிப்புகளின் உயரமும் அகலமும் ஒன்றாக இருந்தால் கேட்களை இயக்கும் டிரைவர் ஐசி நலம். கோளாறு மாஸ்ஃபெட் வரிசையில்தான். அகலம் வேறுபட்டால் டிரைவர் பக்கம் திரும்புங்கள்.

டிரெயின் என்ற வெளியீட்டு முனையில், மாஸ்ஃபெட் மின்னோட்டத்தைக் கடத்தும்போது விழும் 0.3 வோல்ட்டையும் 0.6 வோல்ட்டையும் ஸ்கோப்பில் ஒப்பிட முயல வேண்டாம். அது கடத்தாத நேரத்தில் அங்கே 24 வோல்ட் வரும். அது திரைக்குள் அடங்கும் அளவில் வைத்தால் ஒரு படியே 0.15 வோல்ட்டைத் தாண்டும். ஆய்வக நண்பர் சொன்ன 8 பிட் எல்லை இங்கே நேரடியாகத் தட்டுப்படுகிறது.

கோவை_வைண்டிங்

பார்த்துவிட்டேன். டிரைவர் தரும் இரு துடிப்புகளும் ஒன்றே. 11 வோல்ட் உயரம், அகலத்தில் வேறுபாடு இல்லை. பிறகு பேட்டரியைக் கழற்றி, பெரிய கெப்பாசிட்டர்களை வெளியேற்றிவிட்டு, அதே கருவியின் ஓம் வரம்பில் தட்டைத் துடிப்புப் பக்கத்தின் கேட் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தேன். நான்கு மாஸ்ஃபெட்களில் இரண்டின் ரெசிஸ்டர்கள் உள்ளே தொடர்பு அறுந்து முற்றிலும் திறந்துபோயிருந்தன. அந்த இரண்டும் வேலையே செய்யாமல், மற்ற இரண்டும் முழுச் சுமையைத் தாங்கியிருக்கின்றன.

கேட்_மூன்று

ரெசிஸ்டர்களை மட்டும் மாற்றிவிட்டு முழுச் சுமை கொடுக்காதீர்கள். கூடுதல் சுமை தாங்கிய இரண்டு மாஸ்ஃபெட்களும் சூடேறிப் பழகியவை. ரெசிஸ்டர் திறந்துபோன இரண்டிலும் கேட் ஷார்ட் ஆகியிருக்கக்கூடும், ரெசிஸ்டர் எரிந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அந்த வரிசையின் நான்கையும் ஒரே தொகுப்பிலிருந்து சேர்த்து மாற்றுங்கள். முதலில் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டிச் சுமையின்றி இயக்குங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ இன்னும் ஷார்ட் இருக்கிறது. பல்பு அணைந்து நின்றால் அதை எடுத்துவிட்டு, ஒரு விசிறியை மட்டும் சுமையாகக் கொடுத்து, வெளியீட்டின் இரு அரைகளையும் மறுபடியும் திரையில் ஒப்பிட்டுப் பாருங்கள். சரிவு மறைந்திருந்தால் மட்டும் மூடியை மாட்டுங்கள்.